பின்னறைக்கு ஓர் ஆள்

மாட்டுங்கா,
2 ஜூன் 2024

அன்புள்ள ருக்கு அக்காவுக்கு,

சாருவின் நமஸ்காரம். நானும் உங்கள் தம்பியும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம். அனந்த் கோயம்புத்தூர் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறான். உங்கள் முழங்கால் தேவலையா? பெங்களூரில் மழை தொடங்கியிருந்தால் வலி கூடியிருக்கும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். சொல்கிறேன். அனந்தின் அறையையும், பின்பக்கம் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்த இடத்தையும் இரண்டு தனி அறைகளாக்கிவிட்டோம். இவருடைய கம்பெனியை மூடிய பிறகு வேறு வழி தோன்றவில்லை. பிளைவுட் தடுப்பு, ஆளுக்கொரு கட்டில், ஆளுக்கொரு அலமாரி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் "நூறு வயசு" என்கிறேன். போனில் நான் பேசுவதெல்லாம் அவர்களுக்கும் கேட்கும். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். ஆகவே காகிதம்தான் நமக்குப் பத்திரம்.

பயம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நம்முடையது பகடி வீடு, அப்பா அந்தக் காலத்தில் மொத்தமாகப் பணம் கொடுத்து அற்ப வாடகைக்குப் பிடித்தது. உள்வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம். பழைய வீட்டுக்காரர் கண்டுகொண்டதில்லை. அவர் இப்போது ஒரு பில்டருக்கு விற்றுவிட்டார். இடித்துக் கட்டும்போது பழைய குடித்தனக்காரர்களுக்குப் புது வீடு தர வேண்டும். யாரைக் கழித்துக்கட்டலாம் என்று அந்த பில்டர் பார்த்துக்கொண்டிருக்கிறான். மாட்டிக்கொண்டால் பழைய வீடும் போச்சு, புது வீடும் போச்சு. அதனால் பேயிங் கெஸ்ட் என்ற வார்த்தையை நாங்கள் உச்சரிப்பதே இல்லை. முன்னறைக்கு ஹரிதா என்று ஒரு திருச்சூர்ப் பெண் வந்திருக்கிறாள். மாடிப்படியில் யார் கேட்டாலும் அவள் என் சித்தி பேத்தி.

பின்னறை இன்னும் காலி. தெரியாதவர்களை வைத்துக்கொள்வது பழகிவிட்டால் நல்லதுதான் என்று படுகிறது. சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் காப்பி ஆறியிருக்கிறது என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள், எப்போது கிளம்புகிறீர்கள் என்று நாமும் கேட்க முடியாது. இவர்களிடம் எல்லாம் முதல் நாளே பேசியாகிவிடுகிறது. ஒவ்வோர் அலமாரிக்கும் இரண்டு சாவி. ஒன்று அவர்களிடம். மற்றது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது, என் அரிசி டப்பாவில் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாரு


மல்லேஸ்வரம்,
15 ஜூன் 2024

சௌபாக்கியவதி சாருவுக்கு,

ருக்குவின் ஆசீர்வாதம். உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். சுந்தரம் வேளைக்குச் சாப்பிடுகிறானா? வேலை இல்லாத ஆம்பிளைக்குப் பசி தெரியாது, நீதான் கூப்பிட வேண்டும்.

இங்கே எல்லோரும் நலம். பிள்ளை நகுல் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை செய்கிறான். நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன், காற்று நன்றாக வருகிறது. முழங்கால் அப்படியேதான்.

பின்னறை ஜன்னலைத் தடுப்பு மறைக்கிறதா? அந்தப் பக்கத்து டாய்லெட்டை மாற்றினீர்களா, இன்னும் குந்தி உட்காருவதுதானா? சும்மா கேட்டேன். பிறந்த வீடு மாறிப்போனால் மனசில் திருத்தி வைத்துக்கொள்ள வேண்டுமே.

அடுத்த கடிதத்தைப் பக்கத்து வீட்டு விஜயலட்சுமி பெயருக்கு எழுது. எங்கள் தபால் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

ருக்கு


மாட்டுங்கா,
30 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நாங்கள் நலம், துணிதான் காயவில்லை. ஹாலில் கொடி கட்டி, ஈரப் புடவைக்கு அடியில் குனிந்து குனிந்து நடமாடுகிறோம்.

பின்னறைக்கு ஆள் வந்துவிட்டது. பெயர் மானசா. வளர்ந்தது இந்தூர். இதுவரை நவி மும்பை சான்பாடாவில் தங்கியிருந்தாளாம். "யார் சொல்லி வந்தே?" என்றேன். "தெரிஞ்சவா சொன்னா மாமி" என்றாள். எந்தத் தெரிஞ்சவா? நான் இரண்டு பேரிடம்தான் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு பேரும் தாங்கள் அனுப்பவில்லை என்கிறார்கள். ஆதாரில் மானசா ஐயர் என்று மட்டும் இருக்கிறது. மாட்டுங்காவில் தடுக்கி விழுந்தால் ஐயர். கோத்திரம் கேட்டேன், ஸ்ரீவத்ஸம். உங்கள் புக்ககத்துக் கோத்திரம். அதற்கும் இங்கே பஞ்சமில்லை.

ஒரு தப்புச் செய்துவிட்டேன், கோபிக்கக்கூடாது. அவளை அழைத்துக்கொண்டு படியேறும்போது கீழ்வீட்டு ஜகந்நாதன் மாமா பிடித்துக்கொண்டார். நீங்கள் கல்யாணமாகிப் போன பிறகு குடிவந்தவர், உங்களுக்குத் தெரியாது. மாடிப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எண்ணுவதுதான் அவருக்கு வேலை.

"யாரும்மா இது, புதுசா இருக்கே?"

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "என் நாத்தனாரோட மச்சினர் பொண்ணு மாமா. பெங்களூர்ல ருக்கு அக்கா இருக்காளே, அவாத்து மனுஷா."

"ஓஹோ. உங்காத்துல சொந்தக்காராளுக்குக் குறைச்சலே இல்லை போலிருக்கே. மாசத்துக்கு ஒண்ணு முளைக்கறது."

அந்தப் பெண் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் படியில் போட்டுவிட்டாள். அது உருண்டு வாசல்வரை போனது. முகம் வெளுத்துவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சிரித்திருப்பாள். இவள் பயந்தாள். ஏன்?

யாராவது உங்களிடம் விசாரித்தால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரை இழுத்ததற்கு மன்னிக்கவும்.

டாய்லெட் மாற்றியாகிவிட்டது, உட்காருகிற மாதிரிதான். வந்த மறுநாளே அதைப் போட்டோ எடுத்தாள் அந்தப் பெண். கழிப்பறையை யாராவது போட்டோ எடுப்பார்களா?

சாரு


மல்லேஸ்வரம்,
12 ஜூலை 2024

சாருவுக்கு ஆசீர்வாதம்.

நீ நலமாக இரு. சுந்தரத்தையும் கேட்டதாகச் சொல்லு.

யார் கேட்டாலும் ஆமாம் என்று சொல்கிறேன். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

இந்தக் காலத்துப் பெண்கள் சாப்பிடுகிற இட்லியைக்கூடப் போட்டோ எடுக்கிறார்கள். அதற்கெல்லாம் அர்த்தம் தேடாதே. சின்ன வயசிலிருந்தே உனக்கு இந்தக் குணம் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள்.

அரிசி டப்பாவில் இருக்கிற சாவியை எடுக்காதே. தன் துணியைத் தான் பூட்டி வைத்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் ஒரு மனுஷி இன்னொருவர் வீட்டில் தூங்க முடியும்.

ருக்கு


மாட்டுங்கா,
28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். உங்கள் தம்பிக்கு ஜலதோஷம், மற்றபடி நலம். உங்கள் வலி பற்றி நீங்கள் இந்த முறை எழுதவே இல்லை.

இதை எழுதும்போது மானசா எதிரேதான் உட்கார்ந்து அவல் சாப்பிடுகிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. எழுத்துக் கூட்டிக் கடைப் பலகை படிப்பாள், அவ்வளவுதான். அதனால் தைரியமாக எழுதுகிறேன்: இவள் பில்டர் அனுப்பிய ஆள்.

கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை டேப் வைத்துக் கட்டிலின் உயரத்தை அளந்தாள். "எதுக்குடீ?" என்றால், "பெட்ஷீட் வாங்கணும் மாமி" என்கிறாள். பெட்ஷீட்டுக்கு நீளம் அகலம் போதும், உயரம் எதற்கு? முந்தாநாள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உளுந்து களைந்துகொண்டிருந்தேன், அந்தப் பக்கம் போனில் குசுகுசு, பாதி இந்தி, பாதி தமிழ்.

"லிஃப்ட் நஹீ ஹை, லிஃப்டே கிடையாது. படி உயரம் ஜாஸ்தி. கைப்பிடி ஒரு சைடுதான்... ஹாங், பாத்ரூம் டீக் ஹை, பரவாயில்லை, ஆனா வழுக்கும்... மாமி நல்லவாதான். கதவைத் திறந்தா எட்டிப் பாக்கறா, அதான்."

பில்டர் ஆபீஸில் தமிழ்க்காரர் இருக்கக்கூடாதா? நேற்று ஹரிதாவிடம் கேட்டிருக்கிறாள், "மாமி வயசானவாளை வெச்சுப்பாளா?" என்று. எத்தனை பேரை வைத்திருக்கிறேன், எப்படிப்பட்டவர்களை வைத்துக்கொள்கிறேன் என்று யாருக்கோ தகவல் போகிறது. போன வாரம்தான் பில்டரின் ஆள் ஒருவன் கையில் அட்டையோடு வந்து, சீக்கிரம் சர்வே எடுப்போம், ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுவோம் என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது எங்கள் கொடியில் தொங்கிய மூன்று வகைத் துணிகளையும் ஒரு பார்வை பார்த்தான்.

நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருந்தும் அலமாரியைத் திறந்தேன். அவள் ஆபீஸ் போயிருந்தாள். சாவியிலிருந்த அரிசித் தூசு பூட்டில் ஒட்டிக்கொண்டது, முந்தானையால் துடைத்தேன். துடைக்கும்போது என் கையை எனக்கே பிடிக்கவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை. துணி, டேப், பிரிக்காத முழங்கால் பட்டை ஒரு ஜோடி. பெரிய சைஸ். ஒடிந்து விழுகிற மாதிரி இருக்கிறாள், இவளுக்கு எதற்கு அது? மலையேறப் போகிறவளோ என்னவோ. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் எனக்கு நிம்மதி வரவில்லை. ஜாக்கிரதையானவள் என்றுதான் தோன்றியது.

இந்த மாதத்தோடு போகச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சாரு


மல்லேஸ்வரம்,
14 ஆகஸ்ட் 2024

சாருவுக்கு ஆசீர்வாதம்.

நாங்கள் சுகம் என்று எழுத முடியாத நேரம். நாக்பூரில் என் பெரிய மச்சினர் திங்கட்கிழமை காலமானார். வயசானவர், கஷ்டப்படாமல் போனார். இங்கே பத்து நாள் தீட்டு, அடுத்த புதன் வரை. நீ வெள்ளிக்கிழமை வரலட்சுமி நோன்பை நன்றாகச் செய்.

அந்தப் பெண்ணை அவசரப்பட்டு அனுப்பாதே. மழைக்காலத்தில் பெண்பிள்ளை எங்கே போய் இடம் தேடும்? நவராத்திரி வரை பொறு.

ருக்கு


மாட்டுங்கா,
24 ஆகஸ்ட் 2024

ருக்கு அக்காவுக்கு,

நமஸ்காரம். துக்கம் கேட்டு எழுத வேண்டியதை முதலில் எழுதிவிடுகிறேன்: பெரியவர் ஆத்மா சாந்தியடையட்டும்.

உங்கள் கடிதம் ஊரெல்லாம் சுற்றி நேற்றுத்தான் வந்தது. அதற்கு முன் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நோன்பன்று ஹரிதாவுக்குச் சரடு கட்டிவிட்டு, மானசாவையும் கூப்பிட்டேன். சந்தேகம் ஒரு பக்கம் இருந்தாலும் நல்ல நாளில் ஒரு பெண்ணை விட்டுவிட மனசு வராதே. அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"வேண்டாம் மாமி. இப்போ எடுத்துக்கப்படாது."

வீட்டுக்கு விலக்கோ என்று விட்டுவிட்டேன். ஆனால் அதன் பிறகும் நாளாக ஆக, பூஜை அறைப் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவில் பிரசாதம் கொடுத்தேன், கை நீட்டவில்லை. வியாழக்கிழமை காலையில் ஆபீஸ் போகிற அவசரத்திலும் தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"மாமி, அந்தச் சரடு இன்னும் இருக்கா?"

கட்டிவிட்டேன். மறுநாள் உங்கள் கடிதம். புதன் வரை தீட்டு.

அக்கா, எனக்கு அவல் கிளறுகிற நேரம்கூட ஆகவில்லை புரிந்துகொள்ள. உங்களுக்குச் சின்ன மச்சினர் ஒருவர் இந்தூரில் உண்டு என்று உங்கள் தம்பி சொல்கிறார். அவருக்கு ஒரு பெண் உண்டு என்றும் சொல்கிறார். நான் ஜகந்நாதன் மாமாவிடம் சொன்னது பொய் என்று உங்களிடம் மன்னிப்புக் கேட்டேனே, அது பொய்யே இல்லை. பாட்டில் ஏன் உருண்டது என்பது இப்போது தெரிகிறது. என்னிடம் வாய் நிறையப் பொய் சொன்னவளுக்குத் தீட்டோடு சரடு வாங்கிக்கொள்ள மட்டும் மனசு வரவில்லை. அந்த மட்டும் நல்ல இடத்துப் பெண்தான்.

பில்டர் அனுப்பவில்லை. நீங்கள் அனுப்பினீர்கள். என் கழிப்பறைப் போட்டோ உங்களிடம் இருக்கிறது. அப்பா போன பிறகு வாடகை ரசீதைத் தம்பி பெயருக்கு மாற்ற நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். இப்போது புது வீடு வரப்போகிறது என்றதும் அந்தக் கையெழுத்துக்கு வருத்தப்படுகிறீர்களோ? உள்வாடகைக்கு விட்டது வெளியே தெரிந்தால் எங்களுக்கு என்ன ஆகும் என்று என் கையாலேயே உங்களுக்கு எழுதித் தந்திருக்கிறேன். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

சாருலதா


மாட்டுங்கா,
15 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

நமஸ்காரம். மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று ஒரு நாள் நினைக்கிறேன், வக்கீலைப் பார்க்கிறீர்களோ என்று மறுநாள் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே மனசு நினைக்கிறது.

நேற்று மானசாவை உட்கார வைத்துக் கேட்டேன். "உன்னை அனுப்பினது ருக்கு அக்காதானே?"

அழுவாள் என்று பார்த்தேன். பெருமூச்சு விட்டாள், சுமை இறக்கினவள் மாதிரி. "ஹாங் மாமி. சொல்லாதேன்னு பெரியம்மா சத்தியம் வாங்கிண்டா."

"எதுக்கு அனுப்பினா? இங்கே என்ன நடக்கறதுன்னு வேவு பாக்கவா?"

"வேவா? மாமி, நீங்கதான் என் அலமாரியைத் திறந்து பாத்தேள். பூட்டுல அரிசி மாவு. நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

நான் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டேன். அவளே மேலே சொன்னாள்.

"பெரியம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அங்கே போய் இரு, ராத்திரி தூக்கம் வரதான்னு சொல்லுன்னா."

"எதுக்கு?"

"அதை அவாதான் உங்களுக்கு எழுதணும். இத்தனைக்கும் உங்க ரெண்டு பேருக்கும் போன் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.

எழுதுங்கள். கோபமாகவாவது எழுதுங்கள்.

சாரு


மல்லேஸ்வரம்,
2 அக்டோபர் 2024

அன்புள்ள சாருவுக்கு,

ருக்குவின் ஆசீர்வாதம். பதில் தாமதம் கோபத்தால் இல்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். கேட்பதற்குச் சரியான வார்த்தை அகப்படவில்லை.

நகுல் கெட்டவன் இல்லை, அவன் பெண்டாட்டியும் கெட்டவள் இல்லை. வீடுதான் சின்னது. என் அறை ஆபீஸ் அறையாகி ஒன்றரை வருஷமாகிறது. அறையில் ஒருத்தருக்கு மீட்டிங் என்றால் ஹாலில் இன்னொருத்தருக்கு மீட்டிங். கேமராவில் என் தலை தெரியாமல் இருக்கச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். முழங்கால் மரத்துப்போகும். என் புடவைகள் ஒரு பெட்டியில், பெட்டி குழந்தையின் சைக்கிளுக்குப் பின்னால். உன் கடிதங்களை விஜயலட்சுமி வீட்டுக்கு வரவழைத்தது, நான் வேறு இடம் பார்க்கிறேன் என்று நகுலுக்குத் தெரிந்தால் மனசு ஒடிந்துபோவான் என்றுதான்.

பின்னறை காலி என்று நீ முதல் கடிதத்தில் எழுதியபோது என் மனசு அங்கே போய்ப் படுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். சொந்தக்காரர்கள் வந்தால் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்க முடியாது என்று. நீ தப்பாக எழுதவில்லை. நானும் என் வீட்டில் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். சுந்தரத்தின் அக்காவாக வந்தால் நீ ஒன்றும் சொல்ல மாட்டாய், ஒன்றும் சொல்லாமலே வீடு கனத்துப்போகும். அதனால்தான் உன் பேயிங் கெஸ்ட்டாக வரலாமா என்று பார்த்தேன். மற்றவர்களிடம் வாங்குவதையே என்னிடமும் வாங்கிக்கொள். என் பென்ஷனில் கட்டுப்படியாகும். முதல் நாளே எல்லாம் பேசிக்கொள்ளலாம். படியேற முடியுமா, கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியுமா என்று தெரிந்துகொள்ளாமல் கேட்டு, பிறகு முடியாது என்று திரும்பிப்போனால் இரண்டு பேருக்கும் அவமானம். அதற்குத்தான் மானசா. அவள் அனுப்பிய முழங்கால் பட்டை சரியாக இருக்கிறது.

நீ பயந்துகொண்டிருக்கிறாய் என்று தெரிந்தும் சும்மா இருந்தேன். அது தப்புதான். ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்து, டாய்லெட்டைப் பற்றிக் கேட்டு முடித்துவிடுவேன்.

கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

என்னை வைத்துக்கொள்ள இஷ்டமில்லை என்றால், அறைக்கு ஆள் வந்தாகிவிட்டது என்று ஒரு வரி எழுது. மனசிலாக்கிக்கொள்வேன். இஷ்டம் என்றால் ஒரே ஒரு நிபந்தனை. என் அலமாரிக்கு ஒரு சாவிதான் இருக்க வேண்டும்.

ருக்கு


மாட்டுங்கா,
13 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சாருவின் நமஸ்காரம். நேற்று விஜயதசமி, நல்ல நாள். உங்களுக்கு அப்போதே எழுத நினைத்து, வேறு ஒரு வேலை இருந்ததால் இன்று எழுதுகிறேன். அந்த வேலை என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்தார், மடித்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பும்போது பிளம்பரும் கூட வந்தான். பாத்ரூமில் இரண்டு கைப்பிடி, படி ஏறுகிற பக்கம் இன்னொன்று. "இடிக்கப்போற கட்டடத்துக்குக் கைப்பிடியா ஓய்?" என்று ஜகந்நாதன் மாமா நாற்காலியிலிருந்தே கத்தினார். உங்கள் தம்பி, "இடிக்கறவரைக்கும் ஏறணுமே" என்றார். கம்பெனி மூடிய பிறகு அவர் ஒருவருக்குப் பதில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமா என்னை விடுவாரா? "இந்தத் தடவை யாரு வரா?"

"என் நாத்தனார் மாமா."

சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "போன தடவை நாத்தனாரோட மச்சினர் பொண்ணு. இப்போ நாத்தனாரே புறப்பட்டு வந்தாச்சா? அடுத்த மாசம் உன் மாமியாரே வந்து நிப்பாளோன்னோ?"

சத்தியம் செய்யலாமா என்று யோசித்தேன். செய்திருந்தால் இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பார். நான் கொண்டுவந்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் நான் சொல்கிறபடியே இருக்கப்போகிறவர், உங்களைத்தான் இந்தக் கட்டடத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. சர்வேக்காரனிடம் மட்டும் உங்கள் அறைக்கு நான் பயப்படாமல் பதில் சொல்லுவேன். மானசா முன்னறையில் ஹரிதாவோடு சேர்ந்துகொள்கிறாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டும் இப்போதே கிசுகிசுவென்று பேசிச் சிரிக்கின்றன. என்னைப் பற்றித்தான் இருக்கும்.

அறை வாடகை வாங்கிக்கொள்கிறேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தது. சொன்னால் நீங்கள் வர மாட்டீர்கள். காப்பி ஆறியிருந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

ஒன்றை மறைக்க முடியவில்லை. பில்டரின் புதுப் படிவத்தில் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருக்கிறது. அதைப் பற்றி உங்களிடம் கேட்கவே மாட்டேன் என்று எழுத வந்தேன். எழுதும்போதே கேட்டுவிட்டேன் என்பது எனக்குத் தெரிகிறது. அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். என் மனசு இப்படித்தான் இருக்கிறது, வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

நேற்றைய வேலை இதுதான். உங்கள் அலமாரிக்குப் புதுப் பூட்டு போடச் சாவிக்காரனிடம் போயிருந்தேன். பூட்டோடு இரண்டு சாவிதான் வந்தது. "ஏக் அவுர் பனா தூம், ஆண்ட்டி? சப் பனாத்தே ஹைம்" என்று கேட்டான். இன்னொன்று செய்து தரட்டுமா என்கிறான், எல்லோரும் செய்துகொள்வார்களாம். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன், அக்கா. அவன் இன்னொருவருக்குச் சாவி ராவி முடிக்கிற வரைக்கும் நின்றேன்.

இரண்டு சாவியையும் இந்தக் கடிதத்தோடு நூலில் கோத்து அனுப்பியிருக்கிறேன். ஒன்றைக் கொண்டு வாருங்கள். மற்றதை விஜயலட்சுமியிடமோ, வேறு எங்கேயோ, எனக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிடுங்கள். மூன்றாவது ஒன்று என் அரிசி டப்பாவில் இல்லை. அதை நம்புவதும் நம்பாததும் இனி உங்கள் பாடு.

எந்த ரயில் என்று எழுதுங்கள். போன் வேண்டாம், பெண்களுக்குக் கேட்டுவிடும்.

சாரு